ரூத்தின் அடுப்பும் கப்பல் பெயிண்டும்

லியோனார்ட் குடியிருக்கும் ராயபுரம் சந்தில் எந்தக் கதவும் கடையில் வாங்கிய நிறத்தில் இருக்காது. துறைமுகத்தில் எந்தக் கப்பலுக்கு வேலை நடக்கிறதோ, அந்த நிறம் கொஞ்ச நாளில் சந்துக்குள் வந்துவிடும். ஒரு வருஷம் சாம்பல், ஒரு வருஷம் கரும்பச்சை. தண்ணீர் டிரம், சைக்கிள், மாடிப்படிக் கைப்பிடி, மாதா சிலை வைத்த கெபியின் கம்பிக்கதவு, எல்லாம் கப்பலில் மிஞ்சிய டப்பாவின் புண்ணியம். கடற்காற்று இரும்பைச் சும்மா விடாத ஊர் இது. துருவைக் கண்டால் இந்தச் சந்துக்காரன் கை தானாகப் பிரஷ்ஷைத் தேடும்.

லியோனார்ட் அந்த வேலையிலேயே சோறு தின்கிறவன். கப்பல் உடம்பில் பொருக்கு தட்டிய துருவைச் சுத்தியலால் கொத்தி உதிர்க்க வேண்டும், கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும், ரெட் ஆக்சைடு என்கிற சிவப்புப் பூச்சு அடித்து அதன்மேல் நிறம் ஏற்ற வேண்டும். சிப்பிங் வேலை என்பார்கள். சுத்தியல் சத்தத்தில் அவனுக்கு ஒரு காது பாதி போய்விட்டது. மீதிக் காதை வைத்துக்கொண்டு பெண்டாட்டி ரூத் சொல்வதைக் கேட்டுக் காலம் தள்ளுகிறான்.

ரூத்தைப் பற்றிச் சொல்வதானால் அவள் கையிலிருந்து தொடங்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இறால் கம்பெனியில் தோல் உரித்தவள். ஐஸ் தண்ணீருக்குள் விரல் விறைத்துப் போகும், நகக்கண் வெடிக்கும், ராத்திரி சோறு பிசைந்தால் எரியும். ஒருநாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "இனிமே மீனை சூட்டுலதான் தொடுவேன், ஐஸ்ல தொட மாட்டேன்" என்றாள். சொன்னது மாதிரியே காசிமேட்டு ரோட்டோரம் சுட்ட மீன் கடை போட்டாள். ஆனால் ரோட்டோரக் கடை மழைக்கு நிற்காது. ஐப்பசி பிறந்தால் கடையை மூடிவிட்டு, சொன்ன வார்த்தையை விழுங்கிக்கொண்டு மறுபடி இறால் கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். அந்த ஒன்று மட்டும் அவளுக்கு ஆறவில்லை.

அவளுடைய அடுப்பு சாதாரண அடுப்பு இல்லை. கப்பலிலிருந்து கழிக்கிற கட்டில், ஃபிரிட்ஜ், கயிறு எல்லாம் வாங்கி விற்கிற பக்ருதீன் பாயின் கிடங்கில் அது மூலையில் கிடந்தது. மூடி போட்ட இரும்பு உருளை, பக்கத்தில் ஒரு பெட்டி. மரத்தூளை இறுக்கிச் சின்னத் துண்டுகளாக வெட்டிய பெல்லட்டை அந்தப் பெட்டியில் கொட்டினால், உள்ளே ஒரு திருகு சுற்றிச் சுற்றி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குத் தள்ளும். சின்ன ஃபேன் ஊதும். புகையும் சூடும் மூடிக்குள் சீராகச் சுற்றி வரும். வெள்ளைக்காரக் கப்பல்காரன் மேல்தளத்தில் வைத்துக் கறி சுட்டது. ரூத் பார்த்தபோது அது துருப்பிடித்த பீப்பாய் மாதிரி இருந்தது.

"அத்த எடைக்குப் போடலாம்னு வச்சிக்கிறேன்மா," என்றார் பாய்.

"எடைக்கே குடுங்க பாய்," என்று ரூத் வாங்கி வந்துவிட்டாள்.

லியோனார்ட் அப்போது எண்ணூர்ப் பக்கம் ஒரு வேலைக்குப் போயிருந்தான். அவன் திரும்பி வருவதற்குள் அவள் தனியாகவே அதைத் தேற்றியிருந்தாள். கம்பிகளைக் கழற்றி வினிகரில் ஊறப் போட்டாள். உருளையின் உட்புறத்தை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தாள். அந்த வீட்டு போர்வெல் தண்ணீர் உப்பில் கடலுக்கு அக்கா, அதில் கழுவினால் அடுத்த நாளே மறுபடி சிவக்கும் என்று குடிதண்ணீர் கேனை உடைத்துக் கழுவினாள். கழுவின ஈரம் நிற்க விடாமல் துடைத்து, நெருப்பு மூட்டிக் காய வைத்து, கடலை எண்ணெயைத் துணியில் தொட்டு மெலிசாகத் தடவிப் புகைய விட்டாள். ஆறினதும் மறுபடி தடவல், மறுபடி புகை. புது தோசைக்கல்லைப் பழக்குவதில்லையா, அதே கதைதான். கடைசியில் உட்சுவர் கறுத்து, எண்ணெய் வைத்த தலை மாதிரி மினுங்கியது. தண்ணீர் பட்டால் உருண்டு ஓடியது.

அதற்குப் பிறகு அவள் அந்த அடுப்பை நடத்திய விதத்தைப் பார்த்து லியோனார்ட்டுக்கே கொஞ்சம் பொறாமை வந்ததுண்டு. கடை முடிந்ததும் சூட்டோடு சூடாகக் கம்பியைச் சுரண்டுவாள். பாதி வெங்காயத்தைக் கரண்டிக் காம்பில் குத்தி எண்ணெயில் தொட்டுத் தேய்ப்பாள். சாம்பலை ஒருநாளும் உள்ளே தங்க விடமாட்டாள், உப்புக் காற்றின் ஈரத்தை அது குடித்து வைத்துக்கொண்டு இரும்பைத் தின்னும் என்பாள். மிஞ்சிய பெல்லட்டை அள்ளி டப்பாவில் மூடி வைப்பாள். விட்டால் அது ஊறி, உப்பி, திருகைச் சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். அடுப்பு முழுக்க ஆறாமல் மேலே தார்ப்பாய் போடமாட்டாள்.

"எம்மேல இவ்ளோ அக்கற காட்டியிருந்தின்னா நானு இன்னும் சோக்கா இருந்திருப்பேன்," என்றான் ஒருமுறை.

"உன்ன எண்ண தடவி சுட்டாலும் யாரும் துன்ன மாட்டாங்கய்யா," என்றாள்.

அப்படியிருந்த அடுப்பில்தான் இந்த வருஷம் துரு வந்தது. விம்கோ நகரில் ரூத்தின் தங்கைக்கு ஆபரேஷன். ரூத் ஒரு வாரம் அங்கேயே தங்கிவிட்டாள். அடுப்பைத் தார்ப்பாயால் இறுக்கிக் கட்டிவிட்டுப் போயிருந்தாள். இடையில் இரண்டு மழை. காற்றுப் போக வழியில்லாமல் உள்ளே வியர்த்து, மூடியின் உள்பக்கமும் சுவரும் செம்மண் பூசினது மாதிரி ஆகிவிட்டன.

ஆன நேரமும் சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெரி வீட்டு விசேஷம். ஜெரி சாமியானா, நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடுகிறவன். ராயபுரத்துக் கோயில்களைச் சுற்றி எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் சமையலுக்கு ஆள் சொல்வது அவன்தான். அவன் மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் முறை நற்கருணை வாங்குகிற நாள். ரூத் கடையில் மீன் தின்றவன், "அக்கா, அந்த அடுப்பு மீனைத்தான் நம்ம வூட்ல போடணும். நல்லா இருந்துச்சின்னா கல்யாண மண்டபத்துக்கெல்லாம் நானே உங்கள இட்னு போறேன்" என்று சொல்லியிருந்தான். மண்டபத்துக்கு மழை ஏது? இந்த மீன் சரியாக வந்தால் ரூத் இனி ஐஸ் தண்ணீரில் கைவைக்க வேண்டாம். வராவிட்டால் ஐப்பசி காத்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை அவள் மூடியைத் திறந்து பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "நாளைக்கித் தேச்சி எண்ண போட்டுடறேன். இன்னிக்கி தங்கச்சிய ஆஸ்பத்திரிலேருந்து அவ வூட்ல உட்டுட்டு வரணும்" என்று பஸ் ஏறினாள்.

லியோனார்ட்டுக்கு அன்று கப்பல் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தான். பெண்டாட்டி தங்கைக்கும் பார்த்து, மீனுக்கும் அலைந்து, வந்து அடுப்பையும் தேய்க்க வேண்டுமா என்று அவனுக்கு மனசு கேட்கவில்லை. சுத்தியலை எடுத்தான். கொத்தினான், தேய்த்தான். கொத்தித் தேய்த்தால் அடுத்தது என்ன என்று அவன் யோசித்ததே இல்லை, கை யோசித்துக்கொள்ளும். வீட்டில் ரெட் ஆக்சைடு டப்பா இருந்தது. மூடிக்குள், சுவரில், அடித்தட்டில், மடிப்புக்குள் எல்லாம் பிரஷ்ஷைச் செருகிச் செருகி ஒழுங்காக அடித்தான். மீன் வைக்கிற கம்பிக்கு மட்டும் அழகாக இருக்கட்டும் என்று சில்வர் பெயிண்ட்.

ரூத் சாயங்காலம் வந்தாள். அவன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"இன்னாமே சும்மா போற. தொறந்து பாரு."

அவள் மூடியைத் தூக்கினாள். உள்ளே புதுக் கப்பல் மாதிரி இருந்தது.

"இன்னா இது?" என்றாள்.

"துரு போச்சு. இன்னும் அஞ்சு வருசத்துக்கு எட்டிப் பாக்காது."

"உள்ள அடிச்சி வச்சிக்கிறியே."

"உள்ளதானமே துரு."

"இதுல மீனு சுடுவாங்கய்யா. கப்பலு ஓட்ட மாட்டாங்க."

அவனுக்கு இன்னும் விளங்கவில்லை. சூட்டில் பெயிண்ட் இறுகித்தானே போகும் என்றான்.

"எறுகாது, எரியும். அந்தப் பொகை எங்க போவும்? மீனுலதான போய் ஒக்காரும். நீங்கல்லாம் அடிக்க சொல்லோ மூஞ்சில துணி கட்டிக்கினுதான அடிக்கிறீங்க? எதுக்குக் கட்டுறீங்க?"

அவள் கத்தியிருந்தால் லியோனார்ட்டும் பதிலுக்குக் கத்தியிருப்பான். அவள் வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி, பாதத்தைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எடுக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"அடிச்சவனுக்கு எடுக்கத் தெரியாதா," என்றான்.

சனிக்கிழமை விடிந்ததும் கூட வேலை செய்கிற பீம்ராவை வியாசர்பாடியிலிருந்து வரச் சொன்னான். பீம்ராவ் மூடியைத் தூக்கிப் பார்த்தான். அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மாமு, இத்தினி வருசமா கப்பலுக்குத்தான் மருதாணி வச்சிகினு இருந்த. இப்ப அடுப்புக்கும் வச்சிட்டியா?"

"பேசாத சுத்தியல எடுடா."

"எதுக்கு மாமு பேஜாரு. நல்லா ஒரு வேள எரிய உட்டா தானா உரிஞ்சிடும். அதுக்கு மேல மீன வச்சா யாருக்குத் தெரியப் போவுது? இன்னாக்கா நான் சொல்றது?"

ரூத் ஆழாக்கு அரிசியைப் புடைத்துக்கொண்டே, "எனக்குத் தெரியுமேப்பா" என்றாள்.

பீம்ராவ், "அது செரி" என்று சுத்தியலை எடுத்துக்கொண்டான்.

முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். பெயிண்டைக் கரைக்கிற தின்னரை ஊற்றி ஊற வைத்துச் சுரண்டினார்கள். கொத்தினார்கள். சந்து முழுக்க டங்கு டங்கு என்று சத்தம். வயிற்றுப்பாட்டுக்கு நாளெல்லாம் பெயிண்ட் ஏற்றுகிற இரண்டு பேர், கூலி இல்லாமல் அதை இறக்கிக்கொண்டிருப்பதைப் பார்க்க ஜன்னலில் தலைகள் முளைத்தன. கம்பிகளைத் தேய்த்துத் தேய்த்து ஓரளவுக்கு வெள்ளையாக்கினார்கள். சுவரும் வெள்ளையானது. ரூத் சோப்புப் போட்டுக் கேன் தண்ணீரில் கழுவித் துடைத்து வெயிலில் வைத்தாள். தின்னர் வாடை துளிகூட இல்லாமல் போனால்தான் நெருப்பைக் கிட்டே கொண்டு வருவேன் என்றாள். சாயங்காலமாக வெங்காயமும் எண்ணெயும் எடுத்துவர உள்ளே போனாள்.

லியோனார்ட் மட்டும் அடுப்புக்குள் தலையை விட்டுப் பார்த்தான். அடித்தட்டும் சுவரும் சேருகிற மடிப்பில் ஒரு கோடு சிவப்பாகத் தெரிந்தது.

"அது துரு மாமு. துருவும் செவப்புதான," என்றான் பீம்ராவ்.

துருவா பெயிண்டா என்று லியோனார்ட்டுக்குப் பார்க்கத் தெரியும். தின்னருக்குத் துரு அசையாது. வெள்ளைத் துணியின் முனையைத் தின்னரில் தொட்டு, மடிப்புக்குள் நகத்தால் அழுத்தி இழுத்தான். துணி ரத்தம் துடைத்தது மாதிரி வந்தது.

அவன் அந்தத் துணியைக் கைக்குள் சுருட்டிக்கொண்டான். சுருட்டிய வேகம் அவனுக்கே புதுசாக இருந்தது. நாளைக்குக் காலையில் மீன் வரும். அத்தனை பெரிய அடுப்பில் ஒரு நூல் அளவு. இவன் வாயைத் திறக்காவிட்டால் ரூத் பற்ற வைப்பாள், ஜெரி தின்பான், மண்டபம் வரும், ஐப்பசியில் அவள் விரல் வெடிக்காது. திறந்தால் எல்லாம் போச்சு, அதுவும் இவன் கையாலேயே போச்சு. பீம்ராவ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். நல்ல தோஸ்து அப்படித்தான் பார்ப்பான்.

ரூத் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். "முடிஞ்சிச்சா?" என்று கேட்டாள். அவன் மீது துளி சந்தேகம் இல்லாத கேள்வி. அவன் முடிந்தது என்று சொன்னால் முடிந்தது என்று நெருப்பு வைப்பாள்.

லியோனார்ட் கையை விரித்துத் துணியைக் காட்டினான்.

"மடிப்புக்குள்ள நிக்கிது ரூத்து. சொரண்டுனா வராது. உள்தகட்டையே கழட்டி எறிஞ்சாத்தான் போவும்."

அவள் துணியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். பொய் சொல்லப் போகிறாள் என்றுதான் அவன் நினைத்தான். ஃபேன் ஓடவில்லை, திருகு மாட்டிக்கொண்டது, எத்தனை காரணம் இல்லை.

"ஜெரி, ரூத்தக்கா பேசறேன். எங்க வூட்டுக்காரரு தெரியாம அடுப்புக்குள்ள கப்பல் பெயிண்ட் அடிச்சிட்டாரு. நாள் பூரா சொரண்டுனோம். ஓரத்துல கொஞ்சம் ஒட்டிக்கினு கீது. அதுல உம் பொண்ணு விசேசத்துக்கு மீனு சுட மாட்டேன். கல்லு அடுக்கி, கம்பி போட்டு, கரியில சுட்டுத் தரேன். வேணாம்னா இப்பயே சொல்லு."

போனில் ஜெரியின் குரல் லியோனார்ட்டின் பாதிக் காதுக்கே கேட்டது. "இன்னாக்கா வெளையாடறீங்களா? அந்த அடுப்புன்னுதான உங்களுக்குச் சொன்னேன். கரியில சுடறதுக்கு எங்க தெருவுலயே நாலு பேரு கீறாங்க."

"செரிப்பா. அவங்களையே கூப்புடு."

ஜெரி இறங்கி வந்தான். "விடிஞ்சா விசேசம், எவன் வருவான்? நீங்களே வாங்க. ஆனா கலீஜா போச்சின்னா நான் மனுசனா இருக்க மாட்டேன்," என்று வைத்துவிட்டான்.

"கரண்டு கோளாறுன்னு சொல்லியிருக்கலாம்ல," என்றான் லியோனார்ட்.

"சொல்லியிருக்கலாம்," என்றாள். பையை எடுத்துக்கொண்டு கம்பி வாங்கக் கிளம்பினாள்.

அங்கேயும் அவள் புத்தி மாறவில்லை. ஹார்டுவேர் கடையில் பளபளவென்று துத்தநாகம் பூசின வலையைக் காட்டினார்கள். அதுவும் சூட்டில் ஆகாது என்று ஒதுக்கிவிட்டு, வெல்டிங் பட்டறையில் பூச்சு இல்லாத வெறும் இரும்புக் கம்பியைச் சட்டமாக அடித்து வாங்கினாள். கழுவி, காய்ச்சி, எண்ணெய் தடவிப் புகைய விட்டுத்தான் எடுத்து வைத்தாள். ஒரு நாள் கூத்துக்கு எதற்கு இவ்வளவு என்று பீம்ராவ் கேட்டான். அவள் சட்டத்தைத் திருப்பி மறுபக்கமும் தடவினாள்.

ஞாயிறு மதியம் ஜெரி வீட்டுக்குப் பின்னால் செங்கல் அடுக்கி நெருப்புப் போட்டாள். லியோனார்ட் விசிறினான். முதல் தட்டு மீன் நன்றாக வந்தது. பிறகு கடற்காற்று திரும்பியது. ஒரு பக்கம் கங்கு சீறியது, ஒரு பக்கம் அவிந்தது. மூடி போட்ட அடுப்பில் தானாக நடந்த காரியத்துக்கெல்லாம் ரூத் இங்கே உடம்பால் ஓட வேண்டியிருந்தது. இந்த மூலை மீனை அந்த மூலைக்கு, அந்த மூலை மீனை இந்த மூலைக்கு. புடவை முந்தானையில் இரண்டு பொத்தல். கருகினதைத் தனியாக ஒரு தட்டில் ஒதுக்கினாள், ஒன்றைக்கூடப் பந்திக்குள் விடவில்லை. மீன் போதுமா என்று லியோனார்ட் பந்தியை எட்டிப் பார்த்துத் தலைகளை எண்ணினான். மயிரிழையில்தான் சரிக்கட்டியது. வெள்ளை கவுன் போட்ட பிள்ளைகள் முள் எடுக்கச் சொல்லித் தாய்களை நச்சரித்துக்கொண்டு தின்றார்கள்.

ஜெரி வந்து சட்டத்தைப் பார்த்தான், ஒதுக்கின தட்டைப் பார்த்தான். "பரவால்ல" என்றான். மண்டபம் என்ற பேச்சை எடுக்கவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, அதற்குப் பிறகும் எடுக்கவே இல்லை.

சாமான்களைக் கட்டும்போது ஜெரியின் அக்கா டெபோரா பின்பக்கம் வந்தாள். திருவொற்றியூரில் வேலைக்குப் போகிற பெண்களுக்கு விடுதி நடத்துகிறவள். நல்ல பெரிய உடம்பு, கண்ணாடியைத் தலையில் தூக்கி விட்டிருந்தாள்.

"நீதான ரூத்து? மீனு சுமார்தான்."

"ஆமாக்கா. காத்து மாறிடுச்சு."

"நேத்து நீ போன் பண்ணப்ப இவன் பக்கத்துலதான் ஒக்காந்துகினு இருந்தேன். வச்சிட்டு இவன் உன்ன வண்ட வண்டயா திட்னான்." அவள் லியோனார்ட்டை ஒரு பார்வை பார்த்தாள். "பெயிண்ட் அடிச்ச மகராசன் இவருதானா?"

லியோனார்ட் விசிறியைக் கீழே வைத்தான்.

"ஆமாக்கா. நல்லா அடிப்பாரு, எடந்தான் தெரியாது," என்றாள் ரூத்.

டெபோராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என் விடுதியில நாப்பது பொண்ணுங்க கீதுங்க. அதுங்களுக்கு எவன் இன்னாத்த ஆக்கிப் போடறான்னு நான் பின்னாலயே நின்னு பாக்க முடியல. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம மீனு போடுறியா? பின்னாடி கூரை போட்ட எடம் கீது. மயை வந்தாலும் ஒண்ணும் இல்ல."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கையைப் பிடித்திருப்பார்கள். ரூத் கங்கின்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே யோசித்தாள்.

"அடுப்பு ரெடியாவணும்க்கா. உள்தகட்ட மாத்தணும், அப்பறம் எண்ண தடவிப் பயக்கணும். அவசரப்பட்டா மறுபடி துருதான்."

"அது வரைக்கும்?"

"இந்தக் கம்பிதான். காத்து இல்லாத எடமா இருந்தா கருகாது."

"அத்த நீயே வந்து பாத்து சொல்லு," என்று டெபோரா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் லியோனார்ட் அடுப்பின் உள்தகட்டை ஆணி ஆணியாகக் கழற்றி, பெரம்பூர்ப் பட்டறைக்குத் தூக்கிப் போனான். அதே அளவில் புதுத் தகடு வெட்டி மடித்துத் தந்தார்கள். பட்டறைக்காரன் வழக்கப்படி துரு வராமல் இருக்க ஒரு கோட்டு அடித்துத் தரட்டுமா என்று கேட்டான். "பெயிண்ட் டப்பா அது பக்கம் வந்துச்சி, எம் பொண்டாட்டி உன்னையும் என்னையும் சேத்து சுட்டுடுவா," என்றான் லியோனார்ட்.

தகட்டை மாட்டின அன்று ரூத் எண்ணெய்த் துணியோடு உட்கார்ந்தாள். புகைய விட்டாள், ஆற விட்டாள், மறுபடி தடவினாள். வெள்ளைத் தகடு முதலில் வைக்கோல் நிறமானது, பிறகு பாக்கு நிறம், பிறகு கறுப்பு. லியோனார்ட் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். எத்தனையோ கப்பலுக்கு நிறம் ஏற்றியவன், பிரஷ் இல்லாமல் நிறம் ஏறுவதை அன்றுதான் முழுசாகப் பார்த்தான்.

"நாளைக்கி வேலையா உனக்கு?" என்று கேட்டாள்.

"கப்பலு இல்ல."

"அப்ப திருவொத்தியூருக்கு வா. டெபோராக்கா எடத்தப் பாக்கணும். காத்து எந்தப் பக்கம் அடிக்கும், சாரல் எதுவரைக்கும் வரும்னு நீ பாத்து சொல்லு. கப்பலு ஓரமா கயித்துல தொங்கிகினு வேல செய்றவன், உனக்குத்தான் அது புரியும்."

அவன் சரி என்றான். அந்த வருஷ மழைக்கு ரூத் இறால் கம்பெனி வாசலுக்குப் போகவில்லை. விடுதியின் பின்கட்டில், லியோனார்ட் காட்டிய கிழக்குச் சுவரை ஒட்டி அடுப்பைப் போட்டாள். முதல் ஞாயிறு மழை கொட்டியது. நாற்பது பெண்களும் தட்டோடு வரிசையில் நின்றார்கள். ரூத் மூடியைத் தூக்கி, முதல் மீனைத் தானே பிட்டு வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "வாங்கம்மா" என்றாள்.